மிதிவேகம்

கவிழ்த்து வைத்த சைக்கிளின்
பெடலைக் கையால் சுற்றினால்தான் பாட்டு.
எங்கள் வீட்டில் அது என் வேலை.
துணுக்காயில் அந்த வருடங்களில்
பற்றரி என்ற சொல்லையே
குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

கை சோர்ந்தால் பாடகியும் சோர்வாள்.
குரல் தடித்து, ஆணாகி,
கிணற்றுக்குள் இறங்கிப் போவாள்.
நான் உன்னிச் சுற்ற
மூச்சிரைக்க மேலே வருவாள்.
"ஒரே சீராச் சுத்தடி" என்பான்
தயாபரன் அண்ணா.
பாயில் மல்லாந்து கிடந்து
அவனுக்குக் கேட்க மட்டும்தான் தெரியும்.

பெட்டிக்கு ஸ்பீக்கர் இரண்டு.
இடப்பக்கத்தை எலி தின்றிருந்தது.

பாட்டென்றால் இப்படித்தான் என்று இருந்தேன்:
நடுவில் தள்ளாடும்,
சரணத்தில் பசிக்கும்,
முடிவதற்குள் தோள்மூட்டு நோகும்.
மல்லாவியில் பதிந்த கசற்றில்
இரண்டாவது பாட்டின் நடுவே ஒரு நாய் குரைக்கும்.
பதிந்தவர் வீட்டு நாயாக இருக்கும்.
அது தாளத்தோடுதான் குரைத்தது,
சத்தியமாக.

பாதை திறந்த வருடம்
கிளிநொச்சியில் ஒரு கடை,
ஜெனரேட்டர், ஆளுயரப் பெட்டிகள்,
அதே பாட்டு.
யாரோ இஸ்திரி போட்டு விட்டிருந்தார்கள் அதற்கு.
ஒரு மடிப்பில்லை, ஒரு மூச்சிரைப்பில்லை,
முன்பின் தெரியாத வாத்தியங்கள் வேறு
இடையில் புகுந்து நின்றன.
"இதுதான் ஒறிஜினல் பிள்ளை" என்றார் கடைக்காரர்.
நான் வாங்கவில்லை.

பதினேழில் ரசனை என்பது பொய்.
கொமினிகேசன் கடை றெஜி
கஸல் கேட்பான் என்பதற்காக
எனக்கும் கஸல்தான் விருப்பம் என்றேன்.
ஒரு சொல்லும் விளங்காது.
தலையை மட்டும் சரியான இடத்தில் ஆட்டப் பழகினேன்.
மூன்றாம் மாதம்
றெஜி வவுனியாவுக்குப் போய்விட்டான்.
கஸல் போகவில்லை.
விளங்காத மொழியில் ஒருவர்
விளங்கும்படி வருந்துவதை
தனியாக இருந்து கேட்டேன்.
அப்போது ஆட்டியது என் தலைதான்.

பிறகு ஒரு மாசி மாதம்.
அதை இங்கே எழுதப் போவதில்லை.
இடது காது போனது.
பாட்டோடு சம்பந்தப்பட்டது அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டு
அண்ணாவின் பாயை நினைக்கிறேன்.

முகாமிலிருந்து வந்து மூன்று வருடம்
நான் விரும்பிக் கேட்ட ஒரே இசை
பாண் கொண்டுவரும் ஆட்டோவின் கிணுகிணுப்பு.
அதில் தோல் இல்லை, அடி இல்லை.
யாரையும் எதற்கும் அது கூப்பிடுவதில்லை,
பாண் வாங்கக் கூப்பிடுவதைத் தவிர.
கலியாண வீடுகளில் மேளம் முழங்கினால்
ஏதாவது பாத்திரம் எடுக்கப் போகிறவள்போல
கொல்லைப்பக்கம் போய் நிற்பேன்.
அதுவும் ரசனைதான்.
வேண்டாம் என்பதும் காதுக்குத் தெரிந்த
ஒரு ராகம்தானே.

போன கிழமை வேலை முடிந்து பஸ்ஸில்
வினோஜா தந்த ஹெட்போனை
இருட்டில் மாறிக் கொழுவிவிட்டேன்.
பழைய பாட்டொன்று கேட்க ஆசை வந்து
தேடிப் போட்டேன். அந்தப் பாட்டு.

பல்லவி முடிந்தது.
ஒரு புல்லாங்குழல் வந்தது.

இடப்பக்கத்துப் புல்லாங்குழல்.
எலி தின்ற பக்கம்.
செல் தின்ற பக்கம்.
மாறிக் கொழுவியதால்
வலது காதுக்குள் வந்து நின்றது,
இவ்வளவு நாளும் படலைக்கு வெளியே நின்றதுபோல.
நான் சுற்றிய ஒவ்வொரு சுற்றிலும்
அதுவும் ஊதியிருக்கிறது.
கடைக்காரரின் பெட்டியில் ஊதியபோது
அந்நியம் என்று திரும்பி நடந்திருக்கிறேன்.

இப்போது பாடகியின் குரல் எட்டத்தில்,
பக்கத்து வளவில் யாரோ படிப்பதுபோல.
குழலும் நானும்தான் கிட்ட.
மாங்குளத்தில் பஸ் திரும்பியபோது
மடியில் என் வலது கை
சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஒரு பெண்
சற்றுத் தள்ளி இருந்தாள்.

நான் நிறுத்தவில்லை.
சரணம் வந்துகொண்டிருந்தது.
நாய் குரைக்கும் இடத்துக்கு
இன்னும் இரண்டு வரி.